ரோஸ் மூக்கு இருக்கட்டும், காது கேட்குமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் செண்பகத்தோப்புக்குப் போய், காட்டுக்குள் ரோந்து சுற்றும் காவலர் யாரிடமாவது சாம்பல் நிற அணிலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கேட்காததையும் சேர்த்துச் சொல்வார். கிளை விட்டுக் கிளை தாவித்தான் அதற்குப் பிழைப்பு, தரைக்கு வருவது அபூர்வம், நடுவில் நாலு மரத்தை வெட்டினால் பாதையே அறுந்த மாதிரி... 1988-ல் சரணாலயமாகி, 2021-ல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்த காடு அது. மிருகக்காட்சி சாலையிலும் இதே கதைதான். "இதுக்கு வயசாயிடுச்சு, ஒரு கண்ணு சரியாத் தெரியாது" என்று தீனி போடுகிறவரே சொல்லிவிடுவார். அவர் அதை விற்கப் போவதில்லையே!

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ராஜபாளையம். இங்கே நாய்க்குட்டி வாங்கப் போனால் பாளையக்காரர் காலத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். பன்றி வேட்டை, வீரம், 2005-ல் வந்த தபால்தலை, 2020-ல் பிரதமரே வானொலியில் பேர் சொன்னது என்று வரிசையாக வரும். "பால் வெள்ளை சார், மூக்கப் பாருங்க, ரோஸ்!" எல்லாம் சரி. குட்டிக்குக் காது கேட்குமா என்பது மட்டும் பேச்சில் வராது.

அந்த வெள்ளைக்கும் காதுக்கும் சம்பந்தம் இருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே வகைச் செல்கள்தான் உள்காது வேலை செய்யவும் வேண்டும். அவை அங்கே போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் நரம்புச் செல்கள் அழிந்துவிடும். அப்புறம் எந்த வைத்தியமும் கிடையாது. டால்மேஷியனுக்கும் நீலக்கண் வெள்ளைப் பூனைக்கும் இதே பிரச்சினைதான். தலைமுறை தலைமுறையாக வெள்ளைக்கு வெள்ளை பார்த்துச் சேர்த்தால் வேறென்ன நடக்கும்? நிறம் கலந்த குட்டிக்கு விலை இல்லை, காது கேட்காத குட்டிக்கு விலை உண்டு. நல்ல வியாபாரம்!

கூப்பிட்டால் திரும்பவில்லையா? அதற்கும் பதில் தயார். "இது ஒத்தை முதலாளிக்குத்தான் கட்டுப்படும் சார்." எவ்வளவு வசதியான வாசகம்! சென்னைக்குப் போன குட்டி, கேட் திறக்கும் சத்தம் கேட்காமல் தூங்கும். தொட்டு எழுப்பினால் மிரண்டு கடிக்கும். கடைசியில் தெருவில் நிற்கும். பழி நாய்க்கு.

உள்ளதை உள்ளபடி சொல்கிற வளர்ப்பாளர்களும் ஊரில் இருக்கிறார்கள். நஷ்டப்படுவதும் அவர்கள்தான். 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவர் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் கூடவே இருப்பவருக்கு எந்தக் குட்டி தட்டுச் சத்தத்துக்கு ஓடி வருகிறது, எது வருவதில்லை என்று தெரியாதாம். நம்பலாமா? (ஒரு காது மட்டும் போயிருந்தால் கருவி வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும், அது வேறு விஷயம்.)

பி.காம்-ல் படிக்கிற 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவில் ஒரு குதிரை உதாரணம் உண்டு. குறையுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவன் ஏலத்தில் விற்கிறான், வாயைத் திறக்கவில்லை. அது மோசடி ஆகாதாம்! ஆனால் வாங்குபவன், "நீ மறுக்கலேன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்குவேன்" என்று சொன்ன பிறகும் அவன் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் சொன்னதற்குச் சமம்.

அடுத்து ராஜபாளையம் போகிறவர்கள் மூக்கைப் பார்க்கும் முன், நாலு பேர் நடுவில் சத்தமாக இந்த வசனத்தைச் சொல்லிவிட்டுப் பணத்தை எடுங்கள்: "காது கேட்காதுன்னா இப்பவே சொல்லிடுங்கண்ணே, சொல்லலேன்னா கேட்கும்னு எடுத்துக்குவேன்."