அட்மின் வந்தார், அட்மின் போனார்

'லாஸ்ட்' என்று தட்டினால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார்கள் நம் கணினி விற்பன்னர்கள். லினக்ஸ் கணினியில் யார், எந்த முனையத்திலிருந்து, எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்பதை டபிள்யூடிஎம்பி கோப்பிலிருந்து எடுத்துக் கொட்டும் கட்டளை அது. கொட்டுகிறது என்பது உண்மைதான். எதை என்பதே என் கேள்வி.

திருவண்ணாமலையில் நான் பார்த்த அலுவலகம் ஒன்றில் ஊழியர் ஆறு பேர். கணக்கு ஒன்றே ஒன்று, 'அட்மின்'. கடவுச்சொல் திரையின் ஓரத்திலேயே ஒட்டப்பட்டிருந்தது. அங்கே பதிவேட்டைப் புரட்டினால் வரிக்கு வரி அட்மின் வந்தார், அட்மின் போனார். ஒரு கோப்பு அழிந்தால் ஆறு பேரில் எவரையும் குற்றம் சாட்டலாம். பழி பெரும்பாலும் கடைநிலை ஊழியர் தலையில்தான் விழும். இந்த மங்கல் நிர்வாகங்களுக்கு வசதியாக இருக்கிறது என்றே நான் சொல்வேன். தொழில்நுட்ப அறியாமை என்று இதற்குப் பெயர் சூட்டுவது பெருந்தன்மை.

அடுத்த அபத்தம் பதிவின் ஆயுள். டெபியன் வகையறாவின் இயல்பமைப்பில் அக்கோப்பு மாதம் ஒருமுறை சுழற்றப்படும். பழையது ஒன்று மட்டும் மிஞ்சும். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் பிறப்பித்த ஆணையோ அரசு அமைப்புகளும் நிறுவனங்களும் பதிவுகளை 180 நாட்கள் காக்க வேண்டும் என்கிறது. அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணை மாற்றும் வேலை. (அதற்கு நேரமில்லை என்பவர்கள் திரையின் பின்புலப் படத்தை மாற்ற நேரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.)

இதே ஊரில் அண்ணாமலையார் கோயில் சுவர்களில், சோழர் காலந்தொட்டு, கொடுத்தவர் பெயரும் ஆட்சியாண்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. கல் என்பதால் நிலைத்தது என்று சொல்லிவிடுவது சோம்பல். திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் புதிதாக எழுப்ப ஆணையிட்ட முதலாம் ராஜராஜன், பழைய கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். ராஜேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லேறின. நகலை வேறிடத்தில் வைக்கும் புத்தி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நமக்கு இருந்திருக்கிறது. இன்றைய பதிவேடோ, ரூட் அதிகாரம் படைத்தவர் ஒரே வரியில் காலி செய்யக்கூடிய அதே வட்டில் கிடக்கிறது. நுழைவுச் செய்திகளை உடனுக்குடன் இன்னொரு கணினிக்கு அனுப்பும் ஆர்சிஸ்லாக் இலவசமாகவே கிடைக்கிறது.

2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 'லாஸ்ட்', 'லாஸ்ட்பி' கட்டளைகளைத் தன் வழக்கமான தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டது. பழைய கோப்பு வடிவத்தில் 2038-க்குப் பிந்தைய நேரத்தை எழுத இடமில்லை. மாற்றாக டபிள்யூடிஎம்பிடிபி இருக்கிறது. எப்படியும் அதை நிறுவத்தான் போகிறீர்கள். நிறுவும்போதே ஆளுக்கொரு கணக்கையும் திறந்துவிடுங்கள், ஐயா. கூடுதலாக ஒரு மணி நேரம்கூட ஆகாது.