சொட்டுற பெற்றோலும் சொல்லித் தராத வேலையும்

உருத்திரபுரம் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் பக்கம் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேணும். கிளிநொச்சி ரவுணுக்கு, வயலுக்கு, ரியூஷனுக்கு எல்லாத்துக்கும் அதுதான். அதில கனக்க வண்டிகளுக்குக் கீழே ஒரு தகரப்பேணி இருக்கும். பெற்றோல் ரப் சொட்டுது. கேட்டால், "அது கொஞ்ச நாளா அப்பிடித்தான்" என்பார்கள். இந்த "அப்பிடித்தான்" எங்களுக்குச் சரியாகப் படேல்ல. சொட்டுற ரப்பைப் பார்த்து எங்கே பிழை என்று கண்டுபிடிக்கிறது, பைக் ஓடுற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய வேலை. அதை ஓட்டப் பழக்கும்போதே சொல்லித் தர வேணும் என்பதுதான் எங்கட கருத்து.

முதலில் ஒரு கணக்கு. பெற்றோல் துளி தண்ணீர்த் துளியைவிடச் சின்னன். ஒரு மில்லிலீற்றருக்கு 50 துளி என்று வைப்போம். பத்து செக்கனுக்கு ஒரு துளி விழுந்தால் நாளுக்கு 8,640 துளி. கிழமைக்கு ஏறத்தாழ 1.2 லீற்றர். 2022 ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குத் தந்தது கிழமைக்கு 4 லீற்றர். அதுக்கு முதல் மாதக் கடைசியில்தான் 92 ஒக்ரேன் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. வெயிலில் வரிசையில் நின்று அடிச்ச நாலு லீற்றரில் ஒரு லீற்றருக்கு மேல் நிலத்துக்குப் போகுது என்றால், அது சின்ன விஷயமா?

காசைவிடப் பெரிசு நெருப்பு. பெற்றோல் சாதாரண வெக்கையிலேயே ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடப் பாரம்; மேலே போகாமல் நிலத்தோடு பரவும். களவு போகும் என்று இரவில பைக்கை விறாந்தைக்குள்ள, சில வீடுகளில அறைக்குள்ளேயே ஏத்தி வைக்கிறோம். பக்கத்தில நுளம்புத்திரி எரியும், கொஞ்சம் தள்ளி விறகடுப்பு. மிச்சத்தை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

சரி, எங்கே ஒழுகுது? பைக்கை வெளியில விட்டு, எஞ்சின் ஆறின பிறகு, கிட்ட நெருப்பு எதுவும் இல்லாமல் பாருங்கோ. பெற்றோல் கீழே வழிஞ்சு வாறபடியால் ஈரமா இருக்கிற இடம் ஒழுகுற இடமா இருக்க வேணும் என்றில்லை. ராங்கின் அடியிலிருந்து காபரேற்றர் வரைக்கும் துணியால் துடைச்சுப்போட்டு பத்து நிமிஷம் பொறுத்து, மேலே இருந்து கீழே பார்த்துக்கொண்டு வர வேணும்.

ராங்கும் ரப்பும் சேருற இடம் நனைஞ்சால் நடுவில இருக்கிற றப்பர் வளையம் போட்டுது. திருகுற கைபிடியைச் சுத்தி நனைஞ்சால், உள்ளே இருக்கிற ஓட்டைகள் வைச்ச றப்பர் காய்ஞ்சு இறுகிப்போச்சு. குழாய் நுனி வெடிச்சிருந்தால் குழாயை மாத்தினால் போதும். காபரேற்றரின் மிகைக்குழாயால் சொட்டினால் ரப்பை மூடிப் பாருங்கோ. கொஞ்சத்தில நிண்டால் ரப் நல்லம்; காபரேற்றருக்குள் மிதவையோட இருக்கிற ஊசி சரியாக மூடேல்ல, பெரும்பாலும் ஊத்தை அல்லது ராங்கிலிருந்து வந்த கறள்.

வெளியில தெரியாத ஒழுக்கும் ஒன்று இருக்கு. ரப்பை மூடினாலும் உள்ளுக்குள்ள பெற்றோல் இறங்கிக்கொண்டிருக்கும். அது காபரேற்றரைத் தாண்டி எஞ்சினுக்குள் போய் ஒயிலோட கலந்தால், ஒயில் தண்ணியாகி எஞ்சின் தேயும். ஒயிலில பெற்றோல் மணம் வருதா என்று பாருங்கோ. காபரேற்றர் பக்கம் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, ரப்பை மூடி வைச்சாலும் உண்மை தெரிஞ்சிடும்.

வழியில ஒழுகினால் சவர்க்காரத்தைப் பிசைஞ்சு அப்பி வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான். சிலிக்கன் பசை வேண்டாம். பெற்றோலில ஊறிப் பிய்ஞ்சு உள்ளே போய் அடைக்கும். ஆணியை மூச்சுப்பிடிச்சு இறுக்கவும் வேண்டாம், அலுமினியப் புரி வழுக்கிப் போகும். காபரேற்றர் இல்லாத புது வண்டிகளில பெற்றோல் அழுத்தத்தோட வாறபடியால் அதில கை வைக்காமல் கராச்சுக்கே கொண்டு போங்கோ.

இதெல்லாம் எங்கட ஊருக்குப் புதுசில்லை. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு வடக்குக்குப் பெற்றோல் தடை வந்தது. வன்னியில அது 2002 வரைக்கும் நீண்டது. ஹொண்டா எம்.டி. 90களும் சி.டி. 125களும் மண்ணெண்ணெயில ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில பத்தாது. சின்னப் போத்தலில கொண்டு திரிஞ்ச பெற்றோலில சில துளியை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெயில ஓடினார்கள். ஒரு துளியின் பெறுமதி தெரிஞ்ச சனம் அது. அந்த வண்டிகளில கனக்க 2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் கறள் குவியலாக் கிடந்தன. மீளக்குடியேறின பிறகு லீசிங்கில புது வண்டி வந்தது. வண்டி வந்த வேகத்தில வேலை தெரிஞ்சவர்களின் அறிவு எங்களிட்ட வரேல்ல.

தடைக்காலத்தைப் பெருமையாகக் கதைக்கிறது எங்கட நோக்கமில்லை. அது சனம் விரும்பி எடுத்த பயிற்சி இல்லை. மருந்தும் பற்றறியும்கூட இல்லாமல் பட்ட கஷ்டம். ஆனால் கஷ்டத்தில பழகின கைவேலையையும் கஷ்டத்தோடு சேர்த்து மறக்க வேணுமா?

"அதுக்குத்தானே கராச் இருக்கு" என்று சிலர் சொல்லுவினம். நாங்கள் மெக்கானிக்மாருக்கு எதிரி இல்லை. ரப்பைக் கழற்றி றப்பர் மாத்துறதை அவையே செய்யட்டும். ஆனால் "பெற்றோல் ஒழுகுது" என்று மட்டும் சொல்லிப் போறவருக்கு முழு ரப்பும் மாத்துப்படலாம், காபரேற்றரும் மாத்துப்படலாம். "கைபிடியடியில நனையுது, மூடினால் நிக்குது" என்று சொல்லிப் போறவரோட கதை வேற மாதிரி நடக்கும். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 தொடக்கத்திலதான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். இடையில எல்லாரும் பழசைத்தான் வைச்சு இழுத்தோம். இன்னும் கன காலம் அந்தப் பழசுகள்தான் ஓடப்போகுது.

இது பெண்பிள்ளைகளுக்கு இன்னும் முக்கியம். வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஸ்கூட்டியில போற அக்காமாரும் தங்கச்சிமாரும் கராச்சில கேட்கிற முதல் கேள்வி, "வீட்டில ஆரும் ஆம்பிளையள் இல்லையோ?" என்பது. போருக்குப் பிறகு பெண்கள் தனியாகக் கொண்டு நடத்துற எத்தனையோ வீடுகள் உள்ள மாவட்டத்தில இந்தக் கேள்வி எவ்வளவு குத்தும் என்று கேட்கிறவருக்கு விளங்குறதில்லை.

2013இலிருந்து உயர்தரத்தில தொழில்நுட்பப் பிரிவு இருக்கு, நல்லது. ஆனால் அது படிக்காத பிள்ளையும் பைக் ஓடுது. அதனால் நாங்கள் கேட்கிறது சின்ன விஷயம். ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் ஒரு பெட்டி: 8, 10, 12 ஸ்பனர், ஒரு ஸ்குறூ ட்றைவர், புனல், பெற்றோல் இறக்க மூடியுள்ள ஒரு கான். மாதத்தில ஒரு சனிக்கிழமை. சொல்லித் தர மண்ணெண்ணெயில வண்டி ஓட்டின ஒரு ஐயாவோ மாமாவோ. முன்வரிசையில பெண்பிள்ளைகள். இதுக்கு எந்தத் திட்ட நிதியும் தேவையில்லை, ஒருத்தர் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தால் போதும்.