மியூனிக்கில் தமிழ் செல்லும்... கிண்டியில்?



போன வாரம் சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு டீக்கடை. திருச்செங்கோட்டுப் பக்கம் லேத் பட்டறை வெச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர், போர்வெல் ரிக்குக்குத் தானே யோசிச்சுச் செஞ்ச ஒரு பாகத்தை செல்போன்ல காட்டினாரு. "தம்பி, நீ இன்ஜினியரிங் படிச்சவன். இதுக்கு பேட்டன்ட் எப்படிப் போடறதுன்னு சொல்லு"ன்னாரு.

அவர் காட்டினது யூடியூப் வீடியோ. ஏத்தி நாலு மாசம் ஆச்சு. எனக்குப் பதில் சொல்லவே மனசு வரல.

ஏன்னா காப்புரிமைக்கு முதல் நிபந்தனை, விண்ணப்பிக்கிற நாளுக்கு முன்னாடி அந்த விஷயம் வெளியே வந்திருக்கக் கூடாது. உங்க வீடியோவே உங்களுக்கு எதிரான சாட்சி ஆயிடும். சட்டத்துல விதிவிலக்கு இருக்கு, ஆனா ரொம்பக் குறுகலானது. ஸ்டேட்டஸ் போட்டவங்களை எல்லாம் அது காப்பாத்தாது.

அதனால வரிசையை மனசுல வெச்சுக்கோங்க.

👉 முதல்ல தேதியைப் பிடிங்க. கண்டுபிடிப்பு முழுசா முடியலன்னாலும் பரவாயில்லை. படிவம் 1 விண்ணப்பம், படிவம் 2 விவரக்குறிப்பு. இதைத் தற்காலிகமா, அதாவது 'ப்ரொவிஷனல்'னு தாக்கல் செய்யலாம். தனிநபருக்கு ஆன்லைன்ல ₹1,600. நம்ம தமிழ்நாட்டுக்கு உரிய அலுவலகம் சென்னை கிண்டியில இருக்கு.

👉 அதிலிருந்து 12 மாசத்துக்குள்ள முழு விவரக்குறிப்பு போயாகணும். தவறினா அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிடும்.

👉 விண்ணப்பிச்சா தானா பரிசீலிப்பாங்கன்னு நினைக்காதீங்க. படிவம் 18 கொடுத்துத் தனியாக் கேக்கணும். முன்னாடி 48 மாசம் அவகாசம் இருந்தது. 2024 மார்ச்ல வந்த விதித்திருத்தம் அதை 31 மாசமாக் குறைச்சிடுச்சு.

👉 பரிசீலனை அறிக்கை வந்தா 6 மாசத்துக்குள்ள பதில். மெயிலைப் பார்க்காம விட்டுக் கோட்டை விடாதீங்க.

இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கலாம். ஆனா அந்த அண்ணன் அடுத்துக் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்கே காரணம். "தமிழ்ல எழுதிக் குடுக்கலாமா தம்பி?"

2003 காப்புரிமை விதிகள்ல 9வது விதி சொல்லுது: ஆவணங்கள் இந்தியில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கணும். கட்டுப்பாட்டு அதிகாரி தனியா அனுமதிச்சா வேற மொழி. அது சலுகை. நாம கேக்கறது உரிமை.

இது வெறும் மொழி உணர்ச்சி இல்லை தோழர்களே. காப்புரிமையோட உயிரே 'உரிமைக் கோரல்' பகுதிதான். எது என்னோடதுன்னு வார்த்தையால வேலி போடற இடம் அது. ஒரு சொல் தப்பினா, பக்கத்துப் பட்டறைக்காரர் ஒரு போல்ட்டை மாத்திட்டுத் தப்பிச்சிடுவாரு. முப்பது வருஷமா இரும்போட பழகின மனுஷன், தன் கண்டுபிடிப்பைத் தனக்குப் புரியாத மொழியில வேற யாரோ எழுத, நம்பிக் கையெழுத்துப் போடறாரு. இந்தி தாய்மொழியா இருக்கறவருக்கு இந்தக் கஷ்டம் இல்லையே. ஒரே நாட்டுல இது என்ன நியாயம்?

'நடைமுறைக்கு ஒத்துவராது'ன்னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். மியூனிக்கைத் தலைமையகமாக் கொண்ட ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்துக்கு அலுவல் மொழி மூணுதான்: ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன். ஆனா எந்த மொழியிலும் விண்ணப்பம் போடலாம். ரெண்டு மாசத்துக்குள்ள மொழிபெயர்ப்பு கொடுத்தாப் போதும், முதல் தேதி உங்களுக்கே. அதாவது மியூனிக்குக்குத் தமிழ்ல அனுப்பலாம். கிண்டிக்கு அனுப்ப அதிகாரி மனசு வைக்கணும்!

நாம ஒன்றிய அரசைக் கேக்கறதும் அவ்வளவுதான். தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழிகள் எதுல கொடுத்தாலும் வாங்கிக்கோங்க, தேதியைக் கொடுங்க, மொழிபெயர்ப்புக்கு அவகாசம் கொடுங்க. 9வது விதியைத் திருத்தினாலே போதும்.

அதுவரைக்கும் நாமளே கைகொடுப்போம். ரிக் செய்யற திருச்செங்கோடு, லாரிக்கு பாடி கட்டற நாமக்கல், ஜவ்வரிசி ஆலைகள் இருக்கற ஆத்தூர்... இந்தப் பட்டறைகள்ல ஒவ்வொரு நாளும் யாரோ ஒருத்தர் புதுசா எதையோ செஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. படிச்ச தோழர்கள் பக்கத்துல உக்காந்து படிவம் நிரப்பிக் கொடுங்க. கோரல் பகுதியை மட்டும் பதிவு பெற்ற காப்புரிமை முகவர்கிட்ட காட்டச் சொல்லுங்க.

உதவி வேணும்னா கமென்ட்ல ஊர் பேரை மட்டும் போடுங்க. கண்டுபிடிப்பை அங்கேயே விளக்கிடாதீங்க! 🙏

முதல்ல தாக்கல், அப்புறம் ஸ்டேட்டஸ். பகிருங்கள் தோழர்களே.

#தமிழில்_காப்புரிமை