விண்டோஸ் 10 ஆதரவு முடிஞ்சாச்சு: பழைய லேப்டாப்பில் படமும் சத்தமும் போனால் என்ன செய்யலாம்?

ஃபார்மேட் பண்ணிய பிறகு கம்ப்யூட்டர் ஓடுகிறது. ஆனால் சத்தம் வரவில்லை, எழுத்தெல்லாம் பெரிது பெரிதாகத் தெரிகிறது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இந்தப் புகாரைக் கேட்காத சர்வீஸ் கடை இருக்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டதால், இனி இந்தப் புகார் இன்னும் அதிகமாகும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், 8.1-க்கு 2023 ஜனவரியிலும் ஆதரவு முடிந்துவிட்டது.

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. வடசென்னையில் பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டரே அதுதான். அக்கா படித்து முடித்து, இப்போது தம்பி கையில் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-ஐ ஏற்காது. டிபிஎம் 2.0 சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-வது தலைமுறை பிராசஸர் வேண்டும்.

ஏன் சத்தம் போகுது?

ஆதரவு முடிந்த அன்றைக்கே ஸ்பீக்கர் நின்றுவிடாது. ஏற்கெனவே இருக்கும் டிரைவர் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். சிக்கல் வருவது ஃபார்மேட் பண்ணும்போது. லேப்டாப் கம்பெனி போட்டுக் கொடுத்த டிரைவர்கள் அதில் அழிந்துபோகும். கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லாவிட்டால் விண்டோஸ் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்ற அவசரகால டிரைவரில் ஓடும். படம் தெரியும், ஆனால் பிரைட்னஸ் குறையாது, டிவியில் இணைத்தாலும் சரியாக வராது.

டிரைவரைத் தேடுவதற்கு முன் ஒரு விஷயம். எச்டிஎம்ஐ வயரில் டிவியை இணைத்திருந்தால் சத்தம் டிவிக்குப் போயிருக்கலாம். ஸ்பீக்கர் ஐகானில் எந்தக் கருவி தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய நீல நிற விஜிஏ வயரில் சத்தமே போகாது, அது படத்துக்கு மட்டும். கடலோரத்தில் உப்புக்காற்று வேறு; ஹெட்போன் ஓட்டை, எச்டிஎம்ஐ முனை துருப்பிடித்திருந்தால் எந்த சாஃப்ட்வேரும் உதவாது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலேயே 'லைவ்' முறையில் ஓட்டிப் பாருங்கள். அதில் சத்தமும் படமும் சரியாக வந்தால் பாகங்களில் கோளாறு இல்லை, டிரைவர்தான் பிரச்சினை.

டிரைவரை எங்கே எடுப்பது?

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி உள்ள கருவியின் 'ப்ராப்பர்டீஸ்', 'டீடெய்ல்ஸ்' போய் 'ஹார்டுவேர் ஐடி' பாருங்கள். வெண்டர் எண் 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10இசி என்றால் ரியல்டெக். லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணை வைத்து முதலில் கம்பெனி தளத்தில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் அந்த ஐடியை 'மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்' தளத்தில் போட்டுத் தேடலாம். ஆடியோ டிரைவர் எங்குமே கிடைக்கவில்லையா? ரிச்சி தெருவில் சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிச் செருகினால் போதும். அது விண்டோஸிலேயே இருக்கும் பொது டிரைவரில் ஓடிவிடும்.

'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' என்று வரும் விளம்பரங்களை மட்டும் தொடாதீர்கள். சத்தம் வரவழைக்கப் போய் வைரஸை வரவழைத்த கதையாகிவிடும். பழைய சிஸ்டத்தில் அந்த ஓட்டையை அடைக்க அப்டேட்டும் வராது.

துறைமுகத்தை நம்பி இருக்கும் லாரி புக்கிங் ஆபீஸ், கன்டெய்னர் யார்டு கம்ப்யூட்டர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2017 ஜூனில் 'நாட்பெட்யா' தாக்குதலில் மெர்ஸ்க் நிறுவனம் முடங்கியபோது, மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்திய முனையத்திலும் வேலை பாதிக்கப்பட்டது. அந்த வைரஸ் பரவப் பயன்பட்ட ஒரு ஓட்டைக்கு அதே ஆண்டு மார்ச்சிலேயே அப்டேட் வந்திருந்தது. மெர்ஸ்க் சொன்ன நஷ்டம் 20 முதல் 30 கோடி டாலர்.

இப்போதைக்கு என்ன வழி?

விண்டோஸ் 10 வைத்திருக்கும் தனிநபர்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டை இலவசமாகப் பெறலாம். ஆனால் சத்தக் கோளாறை அது சரிசெய்யாது. கிடைப்பது பாதுகாப்பு மட்டும்தான்.

விண்டோஸ் 7, 8 வைத்திருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 2023-க்குப் பிறகு குரோம் பிரவுசரே 109-வது பதிப்போடு நின்றுவிட்டது. அந்த லேப்டாப்பில் நெட் பேங்கிங் வேண்டாம். லினக்ஸுக்கு மாறுவதுதான் நல்லது, அதில் பழைய இன்டெல், ரியல்டெக் சிப்களுக்கான டிரைவர்கள் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை: அரசு கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. இடத்தை அடைக்கிறது என்று பலரும் முதலில் அழித்தது அதைத்தான்.