கிணத்துச் சாவி

போன கோடையில் பக்கத்துத் தோட்டத்து வைக்கோல்போர் தீப்பிடிச்சு எரிஞ்சது. தீயணைப்பு வண்டியில் இருந்த தண்ணி பாதியிலேயே தீர்ந்துபோச்சு. எங்க கிணத்தைக் காட்டினேன். எல்லாம் அணைஞ்சதும் ஊர்ப் பெரியவர் ஒருத்தர், "இருட்டுல ஒரு ஆளு உள்ள விழுந்திருந்தா, கேஸு உன் தலையிலதான்டா விடிஞ்சிருக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. என் கிணத்துக்கு அப்போ சுத்துச்சுவர் இல்லை. ஆனால் அது தண்ணி கொடுத்த குத்தமில்லை, சுவர் கட்டாத குத்தம். ரெண்டையும் குழப்பிக்கிட்டா நாளைக்கு எவனும் கிணத்தைக் காட்ட மாட்டான். தீ பரவாம தடுக்க நல்லெண்ணத்தோட வீட்டை இடிச்சாலும் குற்றமில்லைன்னு 1860-ம் வருஷத்து தண்டனைச் சட்டமே 81-ம் பிரிவில் உதாரணம் காட்டுச்சு. இப்போதைய சட்டத்திலும் அது இருக்கு. ஆபத்துக்குத் தண்ணி கொடுத்தவனையும் அதேபோல் தெளிவா காப்பாத்தணும்.

நகரத்தில் இருந்துகொண்டு இங்கே தோட்டம் வாங்கிப் போட்டவங்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணி 30 அடிக்குக் கீழே போயிட்டா வண்டி பம்பால் உறிஞ்ச முடியாது. உங்க மோட்டாரைத்தான் போட்டாகணும். கேட்டைப் பூட்டி, சாவியையும் கையோடு கொண்டுபோயிடாதீங்க. ஒண்ணைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்ட கொடுத்து வைங்க. கிணத்துக்குச் சுவர் எழுப்புங்க.

நான் இந்தத் தை மாசம் கட்டி முடிச்சுட்டேன்.