ஏரி எங்கே?

சென்னை மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு வீதி இருக்கிறது. ஏரியைப் பார்த்த வீதி என்று பொருள். அங்கே நின்று நாலு திக்கும் பாருங்கள், வீடுகள்தான் தெரியும்.

முன்னொரு காலத்தில் நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரையில் ஒரே ஏரியாக நீண்டு கிடந்த பிரதேசம் அது. பட்டணத்தில் ஜனங்கள் பெருகினார்கள். குடியிருக்க மனை வேண்டியிருந்தது. 1920-ல் நகர அமைப்புச் சட்டம் பிறந்தது. சில வருஷங்களுக்குள் ஏரியை வடித்துத் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நடுவே பனகல் பூங்கா, சுற்றிலும் விசாலமான வீதிகள் என்று திட்டம் அழகாகவே இருந்தது.

வீடுகள் வந்த இடத்தில் கடைகளும் வந்தன. ஜனங்கள் நடமாடும் இடத்தை வியாபாரம் தேடி வருவது இயல்பு. நிலத்தின் விலை ஏற ஏற, வீட்டு வாடகையைவிடக் கடை வாடகையே கட்டுபடியாகும். குடியிருப்புக்கு என்று வகுத்த பேட்டை இப்படித்தான் பெரிய கடைவீதியாயிற்று.

இந்தக் கணக்கில் தண்ணீரை மாத்திரம் யாரும் சேர்த்துக் கொள்ளவில்லை. பாவம், அதற்கு வாடகை கொடுக்க வழியில்லை! ஆனால் பழைய விலாசத்தை அது மறப்பதுமில்லை. 2015-லும் 2021-லும் பெருமழையின்போது மாம்பலத்து வீதிகளில் வந்து நின்று வீட்டுக் கதவைத் தட்டிற்று.

போன ஏரி திரும்பாது. மிஞ்சியிருக்கும் ஏரிகளையாவது நகர வரைபடத்தில் 'காலி இடம்' என்று எண்ணாமலிருப்போம். அங்கே ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார்.