உப்பைத் தின்ற நொய்யல்

"அவுரிக்கும் சாயவேருக்கும் திரும்பினால் நொய்யல் பிழைக்கும்" என்று சிலர் சொல்றாங்க. திருப்பூர் பனியன் அத்தனைக்கும் அவுரி விளைய நிலம் ஏது?

ஆற்றைக் கெடுத்தது நிறம் மட்டுமல்ல, உப்பு. ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற உப்பு வேண்டும். ஆனால் அது துணியில் தங்காது, கழிவுநீரோடு போய்விடும். அதனால்தான் ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணி பாசனத்துக்கு ஆகாமல் போச்சு.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பட்டறைக் கூலியான எங்கப்பாவுக்கு வேலை போச்சு. ஆனாலும் சொல்றேன், தீர்ப்பு நியாயம்தான். விவசாயி வீட்டிலும் அடுப்பு எரியணும்.

ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் உப்பைப் பிரித்துச் சாயத் தொட்டிக்கே திருப்பித் தரும். அதை ஓட்டப்போவது டிப்ளமோ படிக்கிற நாம்தான். ராத்திரி ஷிப்டில் யாரும் பார்க்கலைன்னு வால்வைத் திறந்துவிடாத கை நம்ம கையாக இருக்கட்டும்!